டா போட்ட மாப்பிள்ளை

எங்கள் பக்கம் மாப்ள ஆவதற்குக் கல்யாணமே தேவையில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். "மாப்ள, செத்த நகந்து உக்காரு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். டீக்கடையில் மாப்ள, ரேஷன் கடை வரிசையில் மாப்ள. சைக்கிளில் வந்து இடித்துவிட்டு, "பாத்து வரக்கூடாதா மாப்ள" என்று நம்மையே திட்டுகிறவனுக்கும் நாம் மாப்ளதான். என் சிநேகிதன் பள்ளிக்கூட நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிட்டான். கூடவே ஒரு 'டா'வும் உண்டு. "வாடா மாப்ள." "போடா மாப்ள, உனக்கு மண்டையில ஒண்ணுமே இல்ல." என் பேர் அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம்.

அவன் வீடு நிலக்கோட்டைக்கு அந்தப் பக்கம், மல்லிகைத் தோட்டத்துக்கு நடுவில். பூ மூட்டைகளோடு வேனில் மார்க்கெட்டுக்குப் போய்வருவான். பக்கத்தில் வந்து நின்றால் கல்யாண மண்டபம் மாதிரி மணப்பான், ஆள் மட்டும் வியர்வையில் நனைந்திருப்பான். நான் திண்டுக்கல்லில், பேகம்பூர் போகிற ரோட்டில், மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தேன். அவன் தோட்டத்து மோட்டார் புகைந்தால் நான்தான் போவேன். புகையாவிட்டாலும் போவேன். அதற்குக் காரணம் அவன் தங்கச்சி.

அவள் சின்ன வயதிலிருந்து என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். "அண்ணே, காப்பி." "அண்ணே, எங்கண்ணன் தோட்டத்துல இருக்கு." காலேஜ் படித்து முடித்த வருஷம் ஒருநாள் காப்பியை நீட்டி, "இந்தாங்க" என்றாள். அண்ணே வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. டம்ளர் விரலைச் சுட்டதுகூடத் தெரியாமல் நின்றேன். அடுத்த தடவையும் வெறும் "இந்தாங்க"தான். அன்றைக்கு ஊர் திரும்புகிற பஸ்ஸில் நான் சிரித்த சிரிப்பைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அப்புறம் அவள்தான் ஒருநாள் மோட்டார் ரூம் வாசலில் நின்று விஷயத்தை உடைத்தாள். "ஆடி முடிஞ்சதும் ஒட்டன்சத்திரத்துல இருந்து என்னையப் பாக்க வாராகளாம். நீங்க எங்கண்ணன்கிட்டக் கேக்குறீங்களா? இல்ல அவுகளுக்கும் காப்பிய நீட்டி 'இந்தாங்க'ன்னு சொல்லவா?"

முறை பார்த்தால் தடை ஒன்றும் கிடையாது. அவன் அம்மா அப்பாவும் அவன் சொன்னால் கேட்பார்கள். ஆனால் அவனிடம் எப்படிக் கேட்பது? அந்த வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவன் நான். "காப்பி குடிக்க வந்தவன் இதுக்குத்தான் வந்தியா?" என்று அவன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், அவளும் இல்லை, அவனும் இல்லை. ஆடி என்னவோ கடைசி வாரத்துக்கு வந்துவிட்டது.

வீட்டில் வைத்துக் கேட்க முடியாது, கடையில் ஆள் வந்துகொண்டே இருக்கும். அப்போதுதான் மதுரை ரோட்டில் சிறுமலை தெரிகிற இடத்தில் புதிதாக ஒன்றைத் திறந்திருந்தார்கள். ஒரு பக்கம் ராட்டினம், சறுக்கு, அலையடிக்கிற குளம். இன்னொரு பக்கம் கூரைக் குடிசை, மாட்டுவண்டி, பம்புசெட்டுக் குளியல் என்று கிராமத்து விடுதி. அங்கே போவோம் என்றதும் அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"பம்புசெட்டுல குளிக்க டிக்கெட்டாடா? எங்க தோட்டத்துல சும்மாத்தானடா ஊத்துது?"

"ராட்டினம் இருக்குடா."

"எனக்கு ஒசரம் ஆகாதுன்னு தெரியும்ல?"

"விருந்துச் சாப்பாடு உண்டாம்."

"அத மொதல்ல சொல்ல வேண்டியதுதான?" என்று பூ மார்க்கெட் டெலிபோன் பூத்திலிருந்து அவனே போன் போட்டுச் சொல்லி வைத்துவிட்டான். என்ன சொன்னான் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

வாசலில் கால் வைத்ததும் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் வெடித்தது. இரண்டு பெண்கள் ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தார்கள். மேனேஜர் மெட்ராஸ்காரர். கிராமத்து ஆள் மாதிரி இருக்க வேண்டும் என்று தலைப்பாகை கட்டியிருந்தார். அதை ஆடிக் காற்று தூக்கிக்கொண்டு போகாமல் ஒரு கையால் பிடித்தபடியே, மறு கையால் என் கழுத்தில் ரோஜா மாலையைப் போட்டார்.

"வாங்க மாப்பிள்ளை சார், வாங்க!"

நான் திருதிருவென்று விழித்தேன். பின்னால் ஒரு துணி பேனர் படபடத்தது. 'ஆடி விருந்து: புது மாப்பிள்ளைகளுக்குத் தனி மரியாதை.'

"ஏங்க, நான் எப்பங்க மாப்பிள்ளைன்னு சொன்னேன்?" என்றேன்.

"இவர்தான் போன்ல சொன்னாரே! 'நானும் எங்க மாப்ளையும் வாரோம், அவன் மனசு கோணாம பாத்துக்கங்க'ன்னு. மாப்பிள்ளைய 'அவன்'னு சொல்றாரேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். சரி, பாசம் போலன்னு விட்டுட்டேன்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் பார்வையெல்லாம் உள்ளே வாழை இலை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் மேல்.

"பொண்ணு எங்கே சார்?" என்றார் மேனேஜர், எட்டிப் பார்த்து.

பயல் கண்ணை இமைக்கவில்லை. "என்னங்க இப்புடிக் கேக்குறீங்க? ஆடி மாசம்ல? பொண்ணு எங்க வீட்டுல இருக்கு. மாப்ளையத் தனியாத்தான கூட்டியாரணும்?"

மேனேஜர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பொய்யன் வாயில் பாதி உண்மை வந்துவிட்டது. பொண்ணு அவன் வீட்டில்தான் இருக்கிறாள். தெரிந்து சொன்னானா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் காதில் குசுகுசுத்தான்: "கம்முனு வாடா மாப்ள. தனிக் கவனிப்பு."

முதலில் மாட்டுவண்டி ஊர்வலம். வண்டியில் நாங்கள் இரண்டு பேரும் ஓட்டுகிறவரும்தான். இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினேன். "ஏலே, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இருடா. அண்ணே, வலத்து மாடு நொண்டுது, பாக்கலையா?" என்று வண்டிக்காரரிடம் ஆரம்பித்தான். அவர் அது நொண்டவில்லை, அதன் நடையே அப்படித்தான் என்றார். இவன் கீழே குதித்து மாட்டின் காலைத் தூக்கிப் பார்த்தான். மாடு இவனைத் தூக்கப் பார்த்தது. மீதி ஊர்வலம் முழுக்க அவர்கள் இரண்டு பேரும் லாடத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். நான் மாலையோடு நடுவில் உட்கார்ந்து, எதிரே வந்த குடும்பங்களுக்கெல்லாம் கும்பிடு போட்டேன்.

விருந்து இன்னும் மோசம். என் இலையில் மட்டும் வைத்தது காலியாகக் காலியாக வைத்தார்கள். "மாப்பிள்ளை வெக்கப்படுறார், இன்னொரு வடை வை" என்று மேனேஜர் என் எதிரிலேயே நின்றார். பக்கத்தில் இவன், "என்னங்க, வெறுஞ் சோறா இருக்கு? வெஞ்சனம் எங்க?" என்று சத்தம் போட்டான். பரிமாறிய வெளியூர் ஆள் உள்ளே ஓடி, சமையல்காரரிடம் கேட்டு, ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். "தொட்டுக்கிற கறி கேட்டா கை கழுவச் சொல்றானுக" என்று இவன் தலையில் அடித்துக்கொண்டான். நான் கேட்க வந்ததைக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு ஜாங்கிரியைத் திணித்துவிட்டார்கள்.

குளத்தில் அலை எழுப்புகிற மோட்டாரின் பேரிங் கத்திக்கொண்டிருந்ததால் அங்கே எனக்கு நிம்மதியாகக் குளிக்கவே முடியவில்லை. தொழில்புத்தி. அதை விடுங்கள்.

ராட்டினத்தில்தான் கேட்டாக வேண்டும் என்று முடிவு செய்தேன். மேலே போனால் மாடு கிடையாது, மேனேஜர் கிடையாது, வடை கிடையாது. அவன் வரமாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டான். "மாப்பிள்ளை கூப்பிடுறார், போங்க சார்" என்று மேனேஜரே அவனைத் தள்ளிப் பெட்டிக்குள் உட்காரவைத்துக் கொக்கி மாட்டினார். மனுஷன் அன்றைக்குச் செய்த ஒரே நல்ல காரியம்.

நாங்கள் உச்சிக்குப் போன நேரம் பார்த்துக் காற்று ஓங்கி அடித்தது. கீழே பயந்துபோய் ராட்டினத்தை நிறுத்திவிட்டார்கள். பெட்டி முன்னும் பின்னும் ஆடியது. அந்தப் பக்கம் சிறுமலை, இந்தப் பக்கம் தென்னந்தோப்பு, கீழே பறக்கிற தலைப்பாகையைத் துரத்தி ஓடுகிற மேனேஜர். இவன் கண்ணை இறுக மூடி, என் கழுத்து மாலையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான்.

"டேய் மாப்ள! புடிடா! விட்றாதடா! கருப்பசாமி, ஒனக்குக் கெடா வெட்டுறேன்!"

"ஏலே, நான் ஒண்ணு கேக்கணும்டா."

"இப்பவா? நான் செத்துக்கிட்டிருக்கேன்டா! டேய் மாப்ள, எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா வீட்டப் பாத்துக்கடா! அம்மாவப் பாத்துக்கடா! பூவுக்கு மருந்தடிக்கணும்டா!"

"பாத்துக்கிறேன்டா. அதத்தான்டா கேக்க வந்தேன். உன் தங்கச்சி..."

ராட்டினம் குலுங்கிக்கொண்டு கீழே பாய்ந்தது. அவன் போட்ட கூச்சலில் என் வார்த்தை எனக்கே கேட்கவில்லை. தரைக்கு வந்ததும் அவன் பெட்டியிலிருந்து உருண்டு இறங்கி மண்ணில் மல்லாந்துவிட்டான். அவன் இரண்டு கை நிறைய ரோஜா இதழ். என் கழுத்தில் வெறும் நார்.

எனக்கு வந்ததே அழுகை. நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. பகலெல்லாம் மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று ஊரே கூப்பிடுகிறது, எனக்கு வாய் வரவில்லை. இப்படியே பஸ் ஏறிப் போக வேண்டியதுதான். ஆடி முடியும், ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் வருவார்கள், நான் அந்தக் கல்யாணத்துக்கு சீரியல் செட்டு லைட் போடப் போவேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

கிளம்பும்போது மேனேஜர் வாசலில் தட்டோடு நின்றார். வெற்றிலை பாக்கு, தேங்காய், எனக்கு ஒரு வேட்டி, பொண்ணுக்கு ஒரு சின்னாளப்பட்டிச் சேலை. கூடவே ஒரு மைக்.

"மைக்ல வாழ்த்துச் சொல்லி அனுப்புறது எங்க வழக்கம். மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு சொல்லுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் பேரைச் சொல்லலாம். பொண்ணு என்று யார் பேரைச் சொல்ல?

சிநேகிதன் இன்னும் முகம் வெளுத்துத்தான் இருந்தான். மேனேஜர் கையிலிருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்தான். முதலில் என் பேரைச் சொன்னான். முழுப் பேர், தகப்பன் பேரின் முதல் எழுத்தோடு. அவன் வாயால் என் பேரை நான் கேட்டது அன்றைக்குத்தான். அப்புறம் தன் தங்கச்சி பேரைச் சொன்னான்.

ஒலிபெருக்கி எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துச் சிறுமலை வரைக்கும் கொண்டுபோனது. நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். தேங்காய் உருண்டு கீழே விழுந்தது. அவன்தான் குனிந்து எடுத்துத் திரும்பத் தட்டில் வைத்தான்.

தட்டோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். வாய்க்கு வந்த ஏதோ ஒரு பேரைச் சொல்லித் தப்பித்தானா, இல்லை நிஜமா? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. நிலக்கோட்டை பஸ் வந்தது. எனக்குத் திண்டுக்கல் போக எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். அவன் படியில் காலை வைத்துத் திரும்பினான்.

"என்ன நிக்கிறீங்க? ஏறுங்க மாப்ள. வீட்டுல வந்து அப்பாகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க."

ஏறுங்க. நிக்கிறீங்க. கண்டக்டர் விசில் அடித்தார். அவன் என் தோளைப் பிடித்து இழுத்து ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்தான்.

"எப்படிடா தெரியும்?" என்றேன்.

"அவ அண்ணேன்னு கூப்புடறத நிறுத்துன அன்னைக்கே தெரியும். நீங்களா கேப்பீங்க, கேப்பீங்கன்னு பாத்தேன். ராட்டினத்துல ஏத்தித்தான் கேக்கணுமா? கீழ நின்னு கேட்டா வாயி வெந்துருமா?"

"அப்ப போன்ல சொன்னது?"

"எங்க மாப்ளன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் என்னவோ போல ஆகிவிட்டது. "ஏலே, ஒழுங்கா டா போட்டுப் பேசுடா. பயமா இருக்கு."

"இனிமே ஏலாது மாப்ள" என்றான். "தங்கச்சியக் கட்டிக்கிறவர டா போட்டா எங்க அம்மா வெளக்கமாத்த எடுத்துரும்."

சொன்னபடியே நின்றுவிட்டான் பாவி. கல்யாணம் ஆனதிலிருந்து "வாங்க மாப்ள, சாப்டீங்களா மாப்ள, மோட்டார செத்த பாருங்க மாப்ள"தான். தனியாக இருக்கும்போதும் அப்படித்தான், திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. எனக்கு அவள் கிடைத்தாள், டா போய்விட்டது.

அதனால் மாசித் திருவிழாவுக்குத் திண்டுக்கல்லில் ராட்டினம் போட்டால் நான் விடுவதில்லை. "வீட்டு மாப்பிள்ளை கூப்புடறேன், மரியாதைக்கு வாங்க மச்சான்" என்று அவனை இழுத்துப்போய் ஏற்றிவிடுவேன். மறுத்துப் பேச அவனுக்கு வழி கிடையாது. கீழே என் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். பெட்டி மெதுவாக மேலே ஏறும். அவன் கண்ணை மூடுவான். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பேன்.

"டேய் மாப்ள! புடிடா! விட்றாதடா!"