கயிற்றின் மறுமுனை

அலுவலக விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்தலுக்குக் கொண்டுவந்த தும்புக் கயிறு மழையில் ஊறிக் கிடந்தது. கையில் எடுத்ததும் அடித்த ஈரத் தும்பு மணத்தில், வாவிக்கரையில் நின்ற அப்பாவின் பெரிய தோணி கண்ணுக்குள் வந்தது.

மாரி தொடங்கமுதல் அதைக் கரையேற்ற வேண்டும். எங்கட ஆக்கள் பாதி, ஓட்டமாவடி முஸ்லிம் ஆக்கள் பாதி, எல்லாரும் ஒரே கயிற்றில். எனக்கு எட்டு வயதிருக்கும். அப்பா "முருகா!" என்று கத்தினால் எங்கட ஆக்கள் மட்டும் இழுத்தார்கள். ஓட்டமாவடி ஆக்களில் மூத்தவரான காசிம் காக்கா "யா அல்லாஹ்!" என்றால் அவரோடு வந்தவர்கள் மட்டும் இழுத்தார்கள். தோணி அசையவில்லை. முழங்கால் சேற்றில் நின்றபடி இரண்டு பேரும் தொண்டை கிழியச் சண்டை பிடித்தார்கள்.

கடைசியில் அப்பாதான் சொன்னார்: "சரி காக்கா, ஒருக்கா நான் கூப்பிடுறன், ஒருக்கா நீங்க கூப்பிடுங்க. ஆர் கூப்பிட்டாலும் எல்லாரும் இழுக்கோணும்."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி," என்று காக்கா சிடுசிடுத்தார்.

தோணி ஏறியது. பிறகு எல்லா மாரிக்கும் அதே முறைதான்.

மைதானத்தில் மைக்கைப் பிடித்த மனேஜர், "தமிழ் ஆக்கள் இந்தப் பக்கம், முஸ்லிம் ஆக்கள் அந்தப் பக்கம்," என்றார். "கலந்து விட்டா டீம் ஒற்றுமையா இழுக்காது."

பத்து வருசமாக என் பக்கத்து மேசையில் வேலை செய்யும் றிசானா, தலை குனிந்தபடி அந்தப் பக்கம் போனாள். கயிற்றை அந்த மனுசனின் காலடியில் எறிந்தேன்.

"நாங்க இழுத்துப் பழகினது தோணிய, சேர். ஆளையாள் இல்ல."