வேண்டாம் என்று சொன்ன வீடுகள்

மெட்ராஸ்காரர்கள் மீது எனக்கு நெடுநாள் கோபம் ஒன்று உண்டு. 1971இல் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க்காக வந்து சேர்ந்த முதல் வாரமே அது பிடித்துக்கொண்டது. செங்கல்பட்டு போகும் மின்சார வண்டி வந்து நின்றது. இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவர், கழுத்தில் பட்டை கட்டிய சடை நாயை இறக்கிவிட்டார். அது சுற்றுமுற்றும் பார்ப்பதற்குள் இவர் திரும்ப ஏறிக்கொண்டார். வண்டி கிளம்பியது. நாய் பிளாட்பாரத்தின் கடைசிவரை ஓடிப் பார்த்தது. பிறகு திரும்பி வந்து என் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, நான்தான் அதற்கு டிக்கெட் கிழித்தவன் என்பதுபோல் என்னையே பார்த்தது.

வீடு மாறுகிறவர்கள், வேலை மாற்றலாகிறவர்கள், குட்டியாக இருந்தபோது கொஞ்சிவிட்டு வளர்ந்ததும் சலித்துப்போனவர்கள், இவர்களுக்கெல்லாம் எங்கள் ஸ்டேஷன் வசதியாக இருந்தது. நாய் திரும்பி வர முடியாது, ஆள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு போய்விடலாம். மாதத்துக்கு ஒன்றிரண்டு இப்படி இறங்கும். படித்த மனிதர்கள் செய்கிற காரியமா இது என்று போர்ட்டர் பலராமனிடம் கத்துவேன். நான் கத்தியதோடு சரி. காரியம் பார்த்தது சந்திரம்மாள்.

அவள் பிளாட்பாரத்தில் மல்லாக்கொட்டை, அதாவது வேகவைத்த வேர்க்கடலை, விற்பவள். ஐம்பதை நெருங்கும் வயது. ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் தனியாகக் குடியிருந்தாள். நாய் இறங்கிவிட்டால் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நீளமான கொம்பின் முனையில் சுருக்குக் கயிறு கோத்து எடுத்து வருவாள். நாயை ஸ்டேஷன் பின்னாலிருந்த புங்கமரத்தடியில் கட்டிவிடுவாள். சோற்றுத் தட்டைக் கொம்பால்தான் அதன் முன் தள்ளுவாள். வாரத்துக்கு ஒருநாள் வரும் மாட்டு டாக்டரிடம் ஊசி போட்டாக வேண்டும். அப்போது நாயைப் பிடித்துக்கொள்வது பலராமன். அவ்வளவு நாய்களில் ஒன்றைக்கூட அவள் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை.

“தொட்டா தீட்டா சந்திரம்மா?” என்று ஒருநாள் கேலி செய்தேன். அவள் கொட்டையை அளந்துகொண்டிருந்தாள். பத்து நாள் மரத்தடியில் வைத்திருந்த பிறகுதான் எந்த நாயையும் வெளியே கொடுப்பாள். ஒன்பதாம் நாள் யார் வந்து கேட்டாலும் நடக்காது. ஏன் பத்து என்று கேட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவாள். வேண்டுதலாக இருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அதைவிட வேடிக்கை, அவள் நாய் கொடுக்கும் விதம். நாய் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கவே மாட்டாள். வேண்டவே வேண்டாம் என்கிற வீடாகத் தேடிப் போவாள். பக்கத்து ஊரான வல்லத்தில் ஆடு வைத்திருந்த கன்னியப்பன் அப்படி ஒருவன். அவனுடைய நாயைப் பாம்பு கடித்துவிட்டது. இனி என் வாசலில் நாயே கூடாது என்று சொல்லிவிட்டான். சந்திரம்மாள் ஒரு செவலை நாயைக் கூட்டிப்போய் அவன் பட்டிக் கம்பத்தில் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். அவன் மூன்று நாள் ஸ்டேஷனுக்கு வந்து அவளைத் திட்டினான். நாலாம் நாள் ஏரியில் அந்த நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததாகத் தகவல் வந்தது.

“கேக்கறவன் காவலுக்குக் கேக்கறான் சார். சங்கிலில கட்டிப் போட்டு மறந்துடுவான். வேணாங்கறவன் ஒண்ணப் பறிகுடுத்தவன். அவனுக்குத்தான் நாய்னா இன்னான்னு தெரியும்” என்றாள்.

எனக்கும் அதுதான் நடந்தது. இதற்கு முந்தைய ஊரில் நான் வளர்த்த நாய் கூட்ஸ் வண்டியில் அடிபட்டுச் செத்திருந்தது. இனி வேண்டாம் என்று வாய் தவறி அவளிடம் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் என் குவார்ட்டர்ஸ் கதவில் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று கட்டியிருந்தது. டிக்கெட் இல்லாமல் வந்து இறங்கியது என்பதால் ஸ்டேஷனில் எல்லோரும் அதை ‘வித்தவுட்’ என்று கூப்பிட்டார்கள். நான் அவளைத் திட்டினேன். அப்புறம் அந்த நாய் இல்லாமல் சாப்பிட உட்கார மாட்டேன் என்கிற அளவுக்கு ஆனேன். ஆறு வருஷம் அது என்னோடு இருந்தது.

1978இல் எனக்கு எழும்பூருக்கு மாற்றல் வந்தது. மாம்பலத்தில் ஒரு மாடி போர்ஷன்தான் கிடைத்தது. நாய் ஏறினால் நீங்கள் இறங்க வேண்டியதுதான் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பத்து இடம் அலைந்தேன், எல்லா இடத்திலும் அதே பேச்சு. வேலையில் சேர ஒரே நாள்தான் இருந்தது. ஒரகடம் பக்கத்து ரைஸ் மில்காரர் வித்தவுட்டைத் தனக்குக் கொடுக்கச் சொன்னார். அவர் மில் வாசலில் ஏற்கெனவே ஒரு நாய் கட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வெயில் மழை எல்லாம் அதற்கு அந்தச் சங்கிலி நீளம்தான். இத்தனை வருஷம் மெட்ராஸ்காரர்களை வைத எனக்கு இப்போது வெட்கமாக இருந்தது.

நான் வித்தவுட்டைக் கூட்டிக்கொண்டு சந்திரம்மாளின் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலைத் தாண்டி எந்த நாயும் போனதில்லை என்பது ஊரறிந்த விஷயம். கேட்டதும் வேண்டாம் என்றாள். வேறு வீடு பார்த்துத் தருவதாகச் சொன்னாள். நான் விடவில்லை. வேணாங்கறவங்க வூடுதான் நல்ல வூடு என்று சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன். சாமர்த்தியமாக மடக்கிவிட்டதாக நினைப்பு எனக்கு.

 அவள் குரல் உயராமல் சொன்னாள்.

இந்த ஊருக்கு வருவதற்கு முன்பு அவளுக்குத் தனபால் என்று ஒரு மகன் இருந்தான். ஏழு வயது. வீட்டில் ஒரு நாய் இருந்தது. அதன் வாய்க்குள் கையை விட்டு விளையாடுவது அவனுக்குப் பழக்கம். ஒருநாள் பல் பட்டுவிட்டது. வீட்டு நாய்தானே, விஷம் இல்லை என்று சுண்ணாம்பு தடவினாள். நாலைந்து நாளில் நாய் வாயில் நுரை தள்ளிக்கொண்டு திரிந்தது. அவள் புருஷன் அதை அடித்துக் கொன்றான். வெயில் கோளாறு என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்துப் பையன் தண்ணீரைப் பார்த்து அலறினான். அப்போது எந்த ஆஸ்பத்திரியும் உதவவில்லை. கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது அதற்குப் பிறகுதான்.

“நாய் இன்னா பண்ணும் சார்? அதுக்கு நோவு. வெறும் சுண்ணாம்பத் தடவிட்டு வேலைக்குப் போனது நான்” என்றாள்.

எனக்குத் தலை நிமிரவில்லை.  நாயை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் பின்னாலிருந்து, மரத்தடியில் கட்டிவிட்டுப் போ, பத்து நாள் ஆகட்டும், பார்க்கலாம் என்றாள். ஆறு வருஷமாக ஊசி தவறாத நாய்க்குப் பத்து நாள் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எழும்பூரில் அந்தப் பத்து நாளும் நான் கொடுத்த டிக்கெட்டில் பாதி தப்பு. பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முதல் வண்டி பிடித்துப் போனேன். மரத்தடியில் கயிறு மட்டும் கிடந்தது. ரைஸ் மில்காரர் நினைவு வந்து பலராமனிடம் ஓடினேன். பலராமன் பின்தெருவைக் கைகாட்டினான்.

சந்திரம்மாள் வாசலில் குந்தியிருந்தாள். வித்தவுட்டின் தலை அவள் மடியில் இருந்தது. இடது கையால் அதன் தாடையைப் பிளந்து பிடித்து, வலது கை விரல்களை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எரிச்சலோடு சொன்னாள். “எலும்பு மாட்டிகினு கீது சார். சும்மா பார்த்துகினு நிக்காம வந்து புடி.”

நான் பிடித்துக்கொண்டேன். எலும்பு வந்தது. பல் பட்டதா என்று கேட்டேன். அவள் விரல்களை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிட்டு, தொட்டித் தண்ணீரில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள்.  எனக்குக் கண் கலங்கியது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மத்தியான வண்டிக்குக் கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் வித்தவுட் என்னோடு வந்தது. இது பின்னாலேயே வந்து பிளாட்பாரத்தில் நின்றால் என்ன செய்வேன் என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து சந்திரம்மாள் கூப்பிட்டாள். எந்த நாயையும் அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டு அதுவரை நான் கேட்டதில்லை.

“வித்தவுட்டு, வூட்டுக்கு வா.”

அது நின்றது. என்னை ஒருமுறை பார்த்தது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு ஓடி, அவளுக்கு முன்னால் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனது.