தவக்காலத்துக்கு விட்ட குளிசை

என் கணவரின் வலது கையையும் பேச்சையும் பறித்தது நீங்கள்தான். எங்கள் பங்கின் செபக்கூட்டத் தலைவர் நீங்கள். உங்கள் பெயரை எழுத எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அவர் இலுப்பைக்கடவைக் கடலில் தொழில் செய்தவர். பிரஷர் கூடியபோது கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த பெண் டொக்டர் விளங்கும்படி சொன்னார். இதயம் தள்ளும்போது பெரிய இரத்தக்குழாய் விரிந்து கொடுக்கும், பிறகு தானே சுருங்கும். வயது போகப் போக அப்படி இழுபட்டு மீள்கிற நார்கள் அறுந்துவிடும். அந்த இடத்தில் விறைத்த நார் வளரும், சுண்ணாம்பு படியும். பிறகு குழாய் விரியாது. இதயம் தள்ளுகிற வேகம் முழுவதும் மூளையில் இருக்கிற சின்னக் குழாய்களில் போய் அடிக்கும்.

“அப்ப என்ரை குழாய், வெயிலில கிடந்த எஞ்சின் ரப்பர் ஓஸ் மாதிரி எண்டுறியள்” என்று இவர் சிரித்தார்.

“ஓம் ஐயா. ஆனா இதைக் கடையில வாங்கி மாத்தேலாது. விறைச்சது திரும்ப இளகாது. நான் தாற பிரஷர் மருந்துக் குளிசை அந்த அடியைக் குறைக்கும். விட்டுடாதேங்கோ.”

இதை இவர் உங்கள் கூட்டத்தில் பகிடியாகச் சொன்னார். நீங்கள் பாதியைப் பிடித்துக்கொண்டீர்கள். “இளகாது எண்டு டொக்டரே சொல்லிப்போட்டா. பிறகேன் குளிசை? ஆண்டவர் இளக வைப்பார்” என்று மைக்கில் சொன்னீர்கள். அது தவக்காலம். மற்றவர்கள் இறைச்சியை விட்டார்கள், சாராயத்தை விட்டார்கள். இவர் குளிசையை விட்டார். நீங்கள் அவரை எழுப்பி நிறுத்தி, சனத்தைக் கைதட்ட வைத்தீர்கள்.

வீட்டில் நான் சண்டை பிடித்தேன். “சும்மா இரடி. ஆண்டவருக்குக் குடுத்த வாக்கு” என்றார்.

குருத்தோலை ஞாயிறு பவனியில் முதலில் அவர் கையிலிருந்த ஓலை விழுந்தது. பிறகு அவர் விழுந்தார்.

அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்த பிறகு, செபித்த எண்ணெய்ப் போத்தலோடு வீட்டுக்கு வந்தீர்கள். நான் ஊட்டிய கஞ்சி அவர் வாயோரம் வழிந்ததைக் கண்டு முகத்தைச் சுளித்தீர்கள். கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டு என் தேத்தண்ணியைக் குடித்தீர்கள். “விசுவாசம் காணாது அக்கா” என்றீர்கள். அந்தக் கோப்பையை நான் கழுவவில்லை. குப்பையில் எறிந்தேன்.

போன கிழமை அவருக்கு மருந்து எடுக்கக் கிளினிக்குக்குப் போனேன். மருந்து கொடுக்கிற யன்னலில் எனக்கு முன்னால் நின்றது நீங்கள்.

“ஐயா, பிரஷர் குளிசை ஒழுங்காப் போடுறியளோ?” என்று உள்ளே இருந்த பிள்ளை கேட்டது.

“ஓம் பிள்ளை. ஒரு நாளும் விடுறேல்லை.”

திரும்பி என்னைக் கண்டதும் மருந்துப் பையைச் சேட்டுக்குள் செருகினீர்கள்.

வருகிற ஞாயிறு பூசைக்கு அவரைச் சக்கரக் கதிரையில் வைத்து முன்னுக்குக் கொண்டு வருவேன். அதே மைக்கைப் பிடியுங்கள். நீங்கள் தினமும் போடுகிற குளிசையை அவரை ஏன் விடச் சொன்னீர்கள்? அவர் முகத்தைப் பார்த்து, சனம் எல்லாம் கேட்கச் சொல்லுங்கள்.