புளியமரத்தில் போட்ட சிவப்பு வளையம்

பெரியகுளத்தில் கல்லூரித் தோட்டத்து வாசலில் ஆரம்பித்து, பழைய பங்களாவில் இருக்கும் அருங்காட்சியகத்தில் போய் முடிகிற சாலை அது. இரண்டு பக்கமும் புளியமரங்கள். யார் நட்டது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் அருங்காட்சியகத்துக்குப் போவதில்லை. அருங்காட்சியகத்துக்கு யாருமே வருவதில்லை. ஆனாலும் இரண்டையும் இணைக்கும் பாரம்பரியச் சாலை என்று பலகை வைத்திருந்தார்கள். அதை அகலப்படுத்தும் வேலையில், ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளராக ஒன்றரை வருடம் இருந்தேன்.

வெட்ட வேண்டியவை வளைவில் நின்ற பதினோரு மரங்கள். அனுமதி வந்ததும் ஒரு டப்பா சிவப்புப் பெயிண்டோடு போய் ஒவ்வொன்றிலும் பெருக்கல் குறி போட்டேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னை எமனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நான் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் இல்லை. ரோடு போடு என்று மனு கொடுத்தவர்களும் அவர்கள்தான், மரத்தைத் தொடாதே என்றவர்களும் அவர்கள்தான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

வளைவைத் தாண்டினால் பன்னிரண்டாவது மரம். அதன் அடியில் ஓர் அக்கா இஸ்திரி வண்டி போட்டிருந்தார். எதிரே இருந்த குவார்ட்டர்ஸ் துணிகளை நம்பித்தான் அவருடைய இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள். கரிப் பெட்டியின் சூட்டோடு வெயிலும் சேர்ந்தால் பத்து மணிக்கு மேல் மனிதர் நிற்க முடியாது. அந்த நிழல் இருந்தால்தான் தொழில்.

என்னைப் பார்க்கும்போதெல்லாம் தன் மரம் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்பார். இல்லை என்று பட்டியலையே எடுத்துக் காட்டினேன். அவருக்குக் காகிதத்தில் நம்பிக்கை இல்லை.

“பேப்பர்ல இல்லாத மரத்தையெல்லாம் வெட்டிப்புட்டுப் போயிருக்காக மேடம். நீங்க மரத்துலயே எதையாச்சும் போட்டுக் குடுங்க.”

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாலையோரப் புளியமரங்களின் மகசூலைக் குத்தகைக்கு எடுத்தவர், தான் எடுத்த மரத்தின் அடியைச் சுற்றிக் காவியால் ஒரு வளையம் போட்டுவிடுவார். வளையம் விழுந்த மரத்துக்கு ஆள் உண்டு என்று அர்த்தம். அதன்பிறகு ஒருவரும் ஒரு பழம் பொறுக்கமாட்டார்கள். கல்லெறிகிற பிள்ளைகள்கூட அடுத்த மரத்துக்குப் போய்விடும். சாலை வேலையால் அந்த வருடம் குத்தகை விடவில்லை, அதனால் மரங்கள் வெறுமனே நின்றன. கம்பத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு வேறு யோசனையே வரவில்லை. டப்பாவில் மிச்சமிருந்த சிவப்பை எடுத்து, அக்காவின் மரத்தைச் சுற்றித் தடிமனாக ஒரு வளையம் இழுத்தேன். அவர் ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். அன்றோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்.

சித்திரைக் கடைசியில் வீரபாண்டித் திருவிழா. அந்த வாரம் தேனிப் பக்கத்தில் வேலைக்கு ஆள் பிடிப்பது கல்லில் நார் உரிக்கிற மாதிரி. குவார்ட்டர்ஸில் பாதி வீடு பூட்டியிருந்தது, அக்காவும் வண்டியைக் கட்டிவைத்துவிட்டுத் தீச்சட்டி எடுக்கப் போய்விட்டார். ஒப்பந்தக்காரர் நாளைக் கடத்த விரும்பாமல் குமுளிக்கு மேலே, கேரளத்திலிருந்து மரம் அறுக்கும் ஆட்களை வரவழைத்தார். நானும் விடுப்பில், குடும்பத்தோடு கோயில் கூட்டத்தில் நின்றேன். அறுக்க வந்தவர்களின் தலைவர் கைபேசியில் கூப்பிட்டு எந்தெந்த மரம் என்று கேட்டார். பட்டியலை அனுப்பியிருக்கலாம். ஒரு பக்கம் மேளம், இன்னொரு பக்கம் ராட்டினத்தில் ஏற அழுகிற என் மகள்.

“பெயிண்ட் அடிச்ச மரத்தை மட்டும் வெட்டுங்க,” என்றேன். ‘மட்டும்’ என்பதை இரண்டு தரம் சொன்னேன். கவனமாக வேலை செய்கிறோம் என்று எனக்கே ஒரு திருப்தி.

மறுநாள் சாயங்காலம் அவரே மறுபடி கூப்பிட்டார். “எல்லாம் கழிஞ்ஞு சேச்சி, வெட்டி முடிஞ்சது. பன்னண்டு.”

எண்ணத் தெரியாத ஆள் என்று நினைத்தேன். போனை வைத்த பிறகுதான் வளையமும் பெயிண்ட்தான் என்று உறைத்தது.

அலுவலகத்தில் அது பெரிய விஷயமாகவில்லை. ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன். பத்துக் கன்றுகள் நட்டு, படம் பிடித்துக் கோப்பில் வைத்தார்கள். எனக்குத்தான் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று நான்காம் நாள் போனேன்.

அடிக்கட்டைக்குப் பக்கத்தில் நீலத் தார்ப்பாயைக் கட்டி அக்கா தேய்த்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்று. முகமெல்லாம் வியர்வை, கழுத்தில் ஈரத்துண்டு. என்னைக் கண்டதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“நீங்க என்ன தாயி செய்வீக? காப்பாத்தத்தான வளையம் போட்டீக. வெட்டுனவுகளையும் குத்தம் சொல்ல முடியாது, அவுக வெளியூரு. எவனோ போன்ல சொன்னானாம், பெயிண்ட் இருக்கிறத வெட்டுன்னு. அப்பிடிச் சொன்னவன் வெளங்குவானா?”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெளங்கமாட்டான்க்கா,” என்றேன்.