லுவான் நனைத்த விரிப்பு

சீனாவின் வடகோடியில் உள்ள ஜியாமுசி ஊரில் லுவான் தெச்சாயிடம் முதுகைக் காட்டாத ஆண்பிள்ளைகள் குறைவு. பொதுக் குளியல்கூடத்தில் வருகிறவர்களுக்கு அழுக்குத் தேய்த்துவிடுவது அவர் வேலை. முகத்தைப் பார்த்தால் பெயர் நினைவுக்கு வராது. முதுகைப் பார்த்தால் குலம் கோத்திரமே சொல்லிவிடுவார். நீராவிக்குள்ளேயே வாழ்ந்த மனிதர். முட்டி மக்கர் பண்ணி வீட்டோடு உட்கார்ந்த பிறகுதான், குளிர்காலத்தில் தன் வீட்டுக் காற்று எவ்வளவு காய்ந்து கிடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. வெளியே மூச்சு மீசையில் உறைகிறது. உள்ளே சுவரோரம், வெப்பக் கம்பெனி வெந்நீர் ஓடவிடும் வெப்பக்குழாய் தகிக்கிறது. தொண்டை கரகரக்க, கைத்தோல் வெடிக்க, மனிதர் தவித்துப்போனார்.

அன்று தொடங்கியது கூத்து. கட்டிலடியில் தண்ணீர்ச் சட்டி, குழாய்மேல் ஈரத்துண்டு, நாற்காலி முதுகில் பிழியாத கால்சராய். மனைவி ஷூச்சின் சட்டிக்குள் கால்விடாத நாளில்லை.

"யோவ் கெழவா, இது வீடா, கொளமா? கட்டில விட்டு எறங்கப் படகு வாங்கிக் குடு!"

"கத்தாத. உன் மொகத்துல சுருக்கம் கொறைஞ்சிருக்கு, போய்ப் பாரு."

திட்டிக்கொண்டே போனவள், அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டாள்.

இந்த வருடம் மகன் கட்டிக்கொண்டு வந்த யிங், தெற்கே குவாங்டொங் பெண். வசந்தத்தில் சுவரே வியர்க்கும் ஊர் அது. பாவம், குழாயில் சூடு ஏறிய வாரத்திலேயே மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. உதடு வெடித்தது. காய்ந்த காற்றில் புருஷனைத் தொட்டாலே சுரீரென்று மின்சாரம் அடித்தது.

அவள்மேல் லுவானுக்குக் கொள்ளைப் பிரியம். ஒரே ஒரு சொல்தான் அவரை உறுத்தியது. ஜியாமுசியில் வீட்டாருக்குள் எல்லாமே 'நம்ம'தான். மருமகள்கூட மாமனாரை 'நம்ம அப்பா' என்றுதான் சொல்வாள். யிங் மட்டும் "உங்க வீட்டுக் காத்து ஒத்துக்கல மாமா" என்பாள், "உங்க வீட்டுச் சட்டி வழியில கெடக்கு" என்பாள்.

ஒரு நாள் காலைக் கஞ்சி குடிக்கும்போது அவள் சொன்னாள்: "குளிர் முடியற வரைக்கும் அம்மாகிட்ட இருந்துட்டு வரேன், மாமா."

லுவான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். இப்போது போகிறவள் வசந்தத்தில் திரும்பி வருவாளா? அவள் வராவிட்டால் மகன் மட்டும் இங்கே இருப்பானா? பையன் வேலைக்குப் போனான். ஷூச்சின் முட்டைக்கோஸ் வாங்கச் சந்தைக்குப் போனாள். யிங் கூடத்தில் பெட்டியை விரித்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

இனித் துண்டெல்லாம் போதாது, அவள் அறையில் முழுப் படுக்கைவிரிப்பையே நனைத்துத் தொங்கவிட வேண்டும் என்று முடிவு செய்தார். குழாய்த் தண்ணீரோ பனிக்கட்டி. ஆவி பறக்க வெந்நீர் வேண்டும். அடுக்களை வெப்பக்குழாயின் அடியில் ஒரு திருகு இருந்தது. அதைத் திறந்து சட்டி நிறையப் பிடித்தார். அந்த நீரை எடுப்பது குற்றம் என்று அவருக்குத் தெரியும். திருடுகிறவர்களைப் பிடிக்க இந்த வருடம் கம்பெனிக்காரர்கள் அதில் சாயம் கலந்திருப்பதுதான் தெரியாது. மாடிப்படியில் ஒட்டிய அறிவிப்பை யார் படிக்கிறார்கள்? ஆவியில் மூக்குக்கண்ணாடி மங்க, தடவித் தடவியே நனைத்தார், பிழிந்தார், மருமகளின் அறையில் கட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

வெள்ளை விரிப்பு செக்கச்செவேலென்று தொங்கியது.

அந்நேரம் பார்த்துத்தான் கதவு தட்டப்பட்டது. வீடு வீடாகப் பார்த்துவரும் வெப்பக் கம்பெனி ஆள் சோங். யிங் கதவைத் திறந்தாள். சோங்கின் கண் நேரே உள்ளறைக்குப் போனது.

"அட, இது எங்க சாயமாச்சே! யாரும்மா தண்ணி எடுத்தது?"

யிங் விரிப்பைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். அவர் முழங்கை வரை சிவந்த கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நின்றிருந்தார்.

"தண்ணியா? புதுப்பொண்ணு அறையில செவப்புத் துணி கட்டுறது எங்க வீட்டு வழக்கம்ணே," என்றாள்.

"அப்படியா? லுவான் அண்ணே, கையக் காட்டுங்க."

லுவான் காட்டினார்.

"கைக்கும் சேத்துக் கல்யாணமா?"

"சாயம் தோச்சது மாமாதான். எங்க வீட்டுல வேற யாருக்கு இவ்ளோ நல்லாத் துணி கசக்க வரும்?"

சோங்குக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இந்த முதுகத் தேச்ச கை. அதனால போறேன். இன்னொரு தடவை கல்யாணம் நடந்துச்சு, அபராதம்தான்!" என்று அடுத்த வீட்டைப் பார்க்கப் போனார்.

கதவு சாத்தியதும் லுவானால் நிமிர முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. "மன்னிச்சிரும்மா. நீ போயிருவியோன்னு பயந்துட்டேன்."

யிங் அறைக்குள் போய், விரிப்பில் முகத்தைப் பதித்து நீளமாக மூச்சிழுத்தாள். பிறகு வந்து, கூடத்தில் விரித்திருந்த பெட்டியிலிருந்து ஒரு போர்வையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இதையும் நனைங்க மாமா. நம்ம வீட்டுக் காத்துக்கு ஒண்ணு எந்த மூலைக்கு? பச்சத்தண்ணியிலயே நனைங்க."

லுவான் போர்வையை வாங்கிக்கொண்டு, கலங்கிய கண்ணைக் காட்டாமல் வேகமாகக் குளியலறைக்குள் போனார். குழாயைத் திறந்து, பனிக்கட்டித் தண்ணீரில் முதலில் முகத்தைத்தான் கழுவினார்.