படம் முடிந்தால் போய்விடுவார் என்று பயந்தேன்

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். படத்திறப்பில் நீங்கள் பார்க்கும் அண்ணனின் படத்தை வரைகிறவள் நான்தான். இதை எழுதும் இன்றுவரை அது முடியவில்லை.

அண்ணன் பிறந்தது மணலூர்பேட்டையில். அப்பா மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். மகனையும் அங்கேயே சேர்த்துவிட்டால் நிம்மதி என்றிருந்தார். அண்ணனோ கும்பகோணம் போய் ஓவியம் படித்து, திருக்கோவிலூரில் கடை போட்டார். படம் வரைந்து குடும்பம் நடத்த முடியுமா என்று வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். அண்ணனுக்கும் அந்தப் பயம் இருந்ததாக அண்ணிதான் பின்னாளில் சொன்னார்.

கடை நிலைத்தது இறந்தவர்களால். படத்திறப்புக்குப் படம் கேட்டு வருவார்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஆதார் அட்டைப் படம் மட்டும்தான் இருக்கும். அந்தச் சின்னப் படத்தை வைத்துக்கொண்டு, சிரித்தால் கன்னம் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு அண்ணன் முகத்தைக் கொண்டுவந்துவிடுவார். சொன்ன நாளில் கொடுத்துவிடுவார். காரியம் யாருக்காகவும் தள்ளிப்போகாதே. பேர் பரவியது. ஆனால் கடையில் போன் அடித்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அடிக்காவிட்டால் எங்கள் வீட்டு அடுப்புக்குக் கஷ்டம். இரண்டுக்கும் பயந்தோம்.

"சாவுக்குக் காத்துக்கினு இருக்கிற பொழப்பு வேணாம் பாப்பா. இருக்கறவங்கள வரையணும்" என்று ஒருநாள் அண்ணன் என்னிடம் சொன்னார்.

யார் வந்து உட்காருவார்கள்? இவர் வரைந்தால் அடுத்தது மாலைதான் என்று ஊரே நம்பியது. ஓர் அறுபதாம் கல்யாணத்துக்கு வரைந்து தருகிறேன் என்று சொல்லப்போய், அடி வாங்காத குறையாகத் திரும்பினார். கடைசியில் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை உட்காரச் சொன்னார். எனக்கும் ஊரின் பயம்தான். மாட்டேன் என்று சொல்ல வாய் வராமல் உட்கார்ந்தேன்; முடியும்வரை மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டேன். கண்ணாடியில் பொட்டு வைக்காமல், மாலை போடாமல், அந்தப் படத்தைக் கடை வாசலில் மாட்டினார்.

சில நாளிலேயே எங்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். கதவைத் திறந்தது நான். தூரத்துப் பெரியம்மா ஒருவர் என்னைப் பார்த்து அலறி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊர் சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் என் மேஜையைத் தூக்கி அந்தப் படத்துக்குக் கீழே போட்டுவிட்டார். மாதக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், சாகாமல்.

வெள்ளிமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், முன்பு மனைவியின் படத்தை வாங்கிப்போனவர், ஒருநாள் வந்தார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எம் பொஞ்சாதிய நீ பாத்ததே இல்ல சாமி. கார்ட வச்சிக்கினுதான் வரைஞ்ச. என்னயாவது நேர்ல பாத்து வரை" என்று அண்ணன் எதிரில் உட்கார்ந்தார்.

அந்தப் பெரியவர் இன்றும் இருக்கிறார். அண்ணனுக்கு அதைவிட விளம்பரம் வேண்டியிருக்கவில்லை. மணமக்கள் வந்தார்கள், பள்ளிச் சுவர்களும் ஓட்டல் சுவர்களும் வந்தன. படத்திறப்பு வேலையையும் அவர் விடவில்லை. அவரிடம் கற்றுக்கொண்டு, படங்களில் துணியும் நகையும் நான் வரைவேன். முகம் மட்டும் எப்போதும் அண்ணனுடையது.

நோய் முற்றி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, தன்னை வரையச் சொன்னார். ஊருக்கெல்லாம் உயிருள்ள சாட்சியாக உட்கார்ந்திருந்த எனக்கே அந்தப் பழைய பயம் வந்தது. முடித்தால் போய்விடுவார். சட்டையை முடித்தேன், காதை முடித்தேன், கண்ணையும் முடித்தேன். வாயை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா பாப்பா, நீயுமா?" என்றார்.

வாய் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு அவரைப் பிடித்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் போய்விட்டார்.

அண்ணனைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கும், அண்ணியை ஒருநாளும் தனியாக விடாத தெருப் பெண்களுக்கும், கேட்காமலே சட்டமும் கண்ணாடியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பக்கத்துக் கடை பாய்க்கும், முடியாத உடம்போடு மலையிலிருந்து பஸ் ஏறி வந்த அந்தப் பெரியவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நேற்று கடை போன் அடித்தது. அண்ணி என்னைப் பார்த்தார். பயந்துகொண்டேதான் எடுத்தேன். யாரும் இறக்கவில்லை. ஒரு பெண், தன் அம்மாவை இருக்கும்போதே வரைய வேண்டும், அழைத்து வரலாமா என்று கேட்டாள். முகம் வரைகிறவர் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கூட்டிக்கினு வாங்க" என்றேன்.

பயம் போகவில்லை. இந்த மலரை அச்சுக்குக் கொடுத்துவிட்டு அண்ணனின் வாயை வரைய உட்காருகிறேன். அந்த அம்மா வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கை