மாடியில் ஒரு கடல் ரூம்

மரக்காணம் உப்பளத்தைத் தாண்டி ஸ்கூட்டியில் வந்தால் உதட்டில் உப்பு ஒட்டும். துடைக்கத் துடைக்க ஒட்டும். அதோடு ஈர சிமெண்ட் வாசனை... முதல் வேலை என்று யாராவது பேச்சை எடுத்தால் எனக்கு அந்த ருசிதான் ஞாபகம் வருகிறது.

டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு கோட்டக்குப்பத்தில் ஒரு பில்டர் ஆபீஸில் சேர்ந்திருந்தேன். நானே முழுசாக பிளான் போட்ட முதல் வீடு, கூனிமேட்டில் சலீம் பாய் வீடு. அவர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். வீட்டில் குடியிருக்கப் போவது அவருடைய அம்மா ஹலிமா பீ மட்டும்.

போனில் சலீம் பாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சிஸ்டர், ஒரே ரூம்ல அஞ்சு பேரு படுத்து வளர்ந்தோம். அம்மாவுக்கு மாடில ரூம் வேணும். படுத்துக்கிட்டே கடல் தெரியணும்."

கேட்டதும் உருகிவிட்டேன். என்ன மாதிரி பிள்ளை! கிழக்கே சுவர் அகலத்துக்கு ஜன்னல் வைத்தேன். கீழே கார் நிறுத்த போர்டிகோவும் வேண்டும் என்றார். இடம் பத்தவில்லை. அதனால் மாடிப்படியைக் கொஞ்சம் செங்குத்தாக்கினேன். ஆறு அங்குலம் இருக்க வேண்டிய படி ஏழரை அங்குலம் ஆனது. மொத்தம் பதினேழு படி. ஹலிமா அம்மாவுக்கோ எழுபது வயசு, இரண்டு காலிலும் மூட்டு வலி. அவரை ஒரு வார்த்தை கேட்போம் என்று பிள்ளைக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பெரிய இன்ஜினியர் இல்லையா நான்!

குடி போய் ஆறு மாசம் இருக்கும். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிறது என்று பார்க்கப் போனேன். சாயங்காலம் நாலரை மணி. கதவு திறந்தே கிடந்தது. அடுப்படிக்கு வெளியே ஒரு கோரைப்பாய், தலையணை, மருந்து டப்பா, தண்ணி சொம்பு... அவர் படுப்பது, எழுந்திருப்பது எல்லாம் அங்கேதான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

ஆனால் ஆள் அங்கே இல்லை. மாடிப்படியில் இருந்தார். உட்கார்ந்தபடி, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, ஒவ்வொரு படியாக உடம்பைத் தூக்கித் தூக்கி மேலே போய்க்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"அஞ்சு மணிக்கு அவன் போன் பண்ணுவான்ல. மேல இருந்து பேசுனாத்தான் அவனுக்கு சந்தோஷம்."

"தெனமுமா?"

"தெனமும்தான். எறங்குறது சுளுவு. ஏறுறதுதான் உசுரு போவுது."

முழங்கையில் காய்ந்த காயம் ஒன்று இருந்தது. போன வாரம் சறுக்கி விழுந்தாராம். பிள்ளையிடம் கதவு இடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

அந்த ரூம் அழகுதான். இல்லை என்று சொல்ல மாட்டேன். திரைச்சீலை காற்றில் மெதுவாக உப்பும், அடங்கும்... மறுபடி உப்பும். தூரத்தில் கடல் பாதித் தூக்கத்தில் புரண்டு படுக்கும். அங்கே உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. ஹலிமா அம்மா மூச்சு வாங்குவது அடங்கும்வரை காத்திருந்தார். துப்பட்டியைச் சரிசெய்து கொண்டார். வீடியோ கால் வந்தது.

"அம்மா, கடல் தெரியுதா?"

"தெரியுதுடா ராசா. நல்லா தெரியுது."

என்னையும் பார்த்துவிட்டு, "சிஸ்டர், ரூம் எப்படி இருக்கு?" என்றார் சலீம் பாய். "சூப்பரா இருக்குங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

போனை வைத்ததும் ஹலிமா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவங்கிட்ட சொல்லிடாதம்மா. பதினோரு வருஷம் அந்த வெயில்ல நின்னு கட்டுன வீடு. மனசு உடைஞ்சி பூடுவான்."

சரி என்று தலையாட்டினேன். அன்று ராத்திரி அந்த பிளானை மறுபடி எடுத்து விரித்துப் பார்த்தேன். அவர் இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருப்பாரா? அந்தப் படியை வரைந்தவள் நான்.

கம்பி மாற்ற மறுபடி போன அன்று, போன் பதினைந்து நிமிஷம் முன்னாலேயே அடித்துவிட்டது. ஹலிமா அம்மா ஒன்பதாவது படியில் இருந்தார். மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. போனை என்னிடம் நீட்டினார்.

"எடுத்து, குளிக்குறாங்கன்னு சொல்லு."

எடுத்தேன். பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது... சொல்ல முடியவில்லை. போனை அவர் பக்கம் திருப்பிவிட்டேன். கொடுத்த வாக்கை மீறியதுதான். இன்று வரைக்கும் அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

"அம்மா... ஏன் படியில உக்காந்திருக்க?"

"உன் ரூமுக்குத்தான்டா போய்க்கிட்டு இருக்கேன்." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சலீம் பாய் அங்கே நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். ஹலிமா அம்மா என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே, யப்பா! "நல்லா இருப்பியா நீ" என்று திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"உங்களுக்கு ரூம் எங்கம்மா வேணும்?" என்று அன்றைக்குத்தான் அவரையே கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை.

"காரு நிக்கிறதுக்குன்னு விட்டீங்களே, அங்க."

காரை யார் வாங்கினார்கள்? போர்டிகோ ரூம் ஆனது. தடுக்கி விழ நிலைப்படி கிடையாது. பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி. தெருவைப் பார்த்துப் பெரிய ஜன்னல். மீன்காரம்மா, ஸ்கூல் ஆட்டோ டிரைவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், எல்லாரும் ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். பதில் வரவில்லை என்றால் எட்டிப் பார்ப்பார்கள்.

இப்போது ஈசிஆரில் பெரியவர்களுக்கென்றே வீடு கட்டி விற்கிறார்கள். சாய்வுப் பாதை, வழுக்காத டைல்ஸ், கட்டில் ஓரம் அவசர பெல்... நானும்தான் வரைந்து கொடுக்கிறேன். நல்ல விஷயம். அப்போது எங்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஆனால் இப்பவும் பேச வருவது பிள்ளைகள் மட்டும்தான். "அவங்களையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றால், "அவங்களுக்கு என்னங்க தெரியும்?" என்கிறார்கள். சுள்ளென்று வரும் எனக்கு. அப்போதெல்லாம் அந்த போர்டிகோ ரூமிலிருந்து ஹலிமா அம்மா பேசிய முதல் வீடியோ கால்தான் ஞாபகத்தில் ஓடும்.

சலீம் பாய் குரலில் இன்னும் கொஞ்சம் வருத்தம் மிச்சம் இருந்தது.

"அங்கேர்ந்து கடல் தெரியாதேம்மா..."

"கடலு எதுக்குடா எனக்கு? இங்கேர்ந்து வாசலு தெரியுது. நீ வந்தா தெரியும்."